அண்ணனிடம் சொல்லாமல் விட்ட மூன்று நாள்

என் ஆசை அண்ணனுக்கு,

பண்ணையில் நாலு பேர் முன்னால் உன்னை ‘நீங்க’ என்பேன். வீட்டுக்குள் வந்துவிட்டால் ‘நீ’தான். இதை வீட்டுக்குள்ளிருந்துதான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒரு பிரதி எடுத்து மாதர் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். ஊர் படிக்கட்டும். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். முப்பத்து நாலு வயதில் தாலியறுத்தவளை இனிமேல் யார் பெண் கேட்டு வரப் போகிறார்கள்?

முதலில் வீட்டுச் சேதி. உன் வருஷத் திவசம் போன மாதம் முடிந்தது. பேரையூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மதினியும் உன் மகள் கல்யாணியும் நானும் வில்லாபுரத்துக்கு வந்துவிட்டோம். பின்பக்கம் மாட்டுக்கொட்டம், ஒரு கறவை. சீமையில் நடக்கிற சண்டைக்கு இங்கே மண்ணெண்ணெய் கிடைக்க மாட்டேன் என்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே உண்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம். கல்யாணிக்கு வயது பதினாறு. உன் உயரம், உன் மூக்கு, உன் பிடிவாதம். பிடிவாதத்தை மட்டும் நீயே கொண்டுபோயிருக்கலாம்.

சுற்றி வளைக்கிறேன், எனக்கே தெரிகிறது. இப்படிச் சுற்றினால், "பேச்சி, மொதல்ல கொட்டைக்கு வா, பஞ்சப் பெறகு பாப்போம்" என்பாய். வருகிறேன். அண்ணே, உன் வெள்ளைப் பருத்தி கலந்துபோனதற்கு நீ காரணம் இல்லை. நீ மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததும் காரணம் இல்லை. நான்தான் காரணம். அதைச் சொல்லாமலே உன்னை அனுப்பிவிட்டேன்.

உன்னை அறியாதவர்களும் படிக்கப் போகிறார்களே, அதனால் முதலிலிருந்து வருகிறேன். வாடிப்பட்டிப் பக்கத்துச் சம்சாரி வீட்டில் பிறந்து, விவசாயக் காலேஜில் படித்து, பேரையூர்க் கரிசலில் சர்க்கார் பருத்திப் பண்ணைக்கு ஆராய்ச்சி உத்தியோகமாக வந்தவன் நீ. மதுரையில் பள்ளிக்கூடம் படித்த நாளில் ஒரு பிடில்காரர் வீட்டு வாசலில் நின்று நின்று, கடைசியில் அவரே சலித்துப்போய் உள்ளே கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்தாராம். நம் அப்பா, "உழுகுறவன் மகனுக்கு என்னத்துக்குடா பிடிலு? மாடு கேக்கவா?" என்றார். நீ, "கேட்டா நல்லாத்தான் உழுகும்" என்றாய். அடி வாங்கினாய். பிடிலை விடவில்லை.

கல்யாணம் ஆனதும் மதினிக்கு ராகம் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாய். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "தோடிங்கிறது வத்தக்குழம்பு மாதிரி, கொதிக்கக் கொதிக்கத்தான் ருசி. மோகனம் ரசம். சட்டுனு எறங்கிரும்" என்று நீ சொன்னதும் புரிந்துகொண்டாள். அதற்கப்புறம் நீ பிடிலை எடுத்தால், "இன்னைக்கு என்ன, கொழம்பா ரசமா?" என்று கேட்பாள். வடக்கே பெரிய ஆராய்ச்சிச் சாலைக்கு உனக்கு மாற்றல் வந்தபோது, "கல்யாணி இப்பத்தான் வர்ணத்துக்கு வந்திருக்கா. நடுவுல விட்டா அம்புட்டும் போயிரும்" என்று போக மறுத்துவிட்டாய். மேலே என்ன காரணம் எழுதினாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மகளுக்கு வர்ணம் என்றா எழுதியிருப்பாய்?

என் புருஷன் காலராவில் போய், நான் வந்து உன் வீட்டு மூலையில் உட்கார்ந்தேன். ஒரு மாதம் ஆகவில்லை, நீ வந்து முன்னால் நின்றாய். "எந்திரி பேச்சி. பூக்கட்ட ஆளில்ல" என்றாய்.

மதினி பதறிப்போனாள். "என்னங்க இது, அவளப் போயி பூக்கட்டக் கூப்புடுறீங்க?"

"தலைல வைக்கிற பூ இல்ல, பருத்திப் பூ. வாரியா, இல்லையா?"

வந்தேன். இனிப் பூவைத் தொடாதே என்று ஊர் சொன்ன கையில் தினமும் ஒரு வயல் பூவைக் கொடுத்தாய். அதற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது, அண்ணே.

பருத்திப் பூவை எதற்குக் கட்டுவது என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். உன்னுடைய வெள்ளைப் பூப் பருத்தி, மழை பொய்த்த கரிசலிலும் நீளப் பஞ்சாகக் கொடுத்தது. ஒற்றைச் செடியிலிருந்து ஏழு வருஷமாக அதைப் பெருக்கிக்கொண்டு வந்தாய். சுற்றிலும் நிற்பதோ மஞ்சள் பூ பூக்கிற ஊர்ப் பருத்தி. வண்டு அதில் உட்கார்ந்துவிட்டு இதில் உட்கார்ந்தால் விதை கலந்துபோகும். அதனால் மறுநாள் விரியப் போகிற மொட்டை முந்தின மாலையே கண்டுபிடித்து, அதன் வாயை நூலால் கட்டி, மிச்ச நூலைக் காம்பில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பூ உதிர்ந்தாலும் காம்பில் நூல் நிற்கும். நூல் இருக்கிற காய்தான் சுத்தம் என்று தனியாகப் பறித்து, அதிலிருந்து அடுத்த வருஷத்து விதை எடுப்பாய்.

செடி நாலைந்தாக இருந்தவரை நீயே கட்டினாய். வயலானதும் கை போதவில்லை. பண்ணையாட்களின் விரலுக்கு அது வரவில்லை, மொட்டை நசுக்கினார்கள். மல்லிகை கட்டிப் பழகிய கைதான் வேண்டும் என்று சொல்லி, கோயிலுக்குப் பூக்கட்டுகிற ஐந்து பெண்களைச் சுற்று ஊர்களிலிருந்து கூட்டிவந்தாய். என்னை அவர்களுக்கு மேஸ்திரி ஆக்கினாய்.

முதல் நாள் ஒரு பூவைப் பிளந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாயே, "இது ஆணு, இது பொண்ணு, இந்தப் பொடி அங்க போயி ஒட்டுனாத்தான் கொட்டை" என்று. ஐந்து பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, மூக்கம்மா, என் காதுக்குள், "என்னக்கா, ஐயா இம்புட்டையும் பச்சையாப் பேசுறாரு!" என்றாள். நீ சிரிக்காமல் அடுத்த பூவை எடுத்தாய்.

நாங்கள் கட்டும்போது நீ வரப்பில் உட்கார்ந்து பிடில் வாசிப்பாய். சும்மா இல்லை, அதிலும் ஒரு ஆராய்ச்சி. மோகனம் வாசித்தால் கை வேகமாகப் போகிறது, முகாரி வாசித்தால் மூக்கம்மா அழுதுகொண்டு நூலைத் தவறவிடுகிறாள் என்று நோட்டில் எழுதிவைத்தாய். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பாய் விரித்து விதைகளைப் பொட்டலம் கட்டுவாய். எதிரே கல்யாணி உட்கார்ந்து பாட வேண்டும். கை விதையைப் பொறுக்கும், காது அவள் சுருதியைப் பார்க்கும். பிசகினால் ஒரு பருத்திக்கொட்டையை எடுத்து அவள் மேல் எறிவாய். அவளும் திருப்பி எறிவாள். அடுக்களையிலிருந்து மதினி, "வெதையும் வெளங்கும், பாட்டும் வெளங்கும்" என்பாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான்.

இனி நான் சொல்ல வேண்டியது. எழுதும்போதே காது சுடுகிறது.

சேர்ந்த முதல் மாதமே ஒரு மாலை மூக்கம்மா வரிசைக்குள் இறங்காமல் வரப்பிலேயே நின்றாள். "அக்கா, நான் இன்னைக்குத் தொடமாட்டேன். தூரமாயிட்டேன்" என்றாள்.

"கோயிலுக்கா கட்டுற? பருத்திதானடி."

"பூ பூதானக்கா? சாமிக்குக் கட்டுன கை. தொட்டா செடி கருகிப்போகும். எங்க ஊர்ல இந்நேரம் முட்டுவீட்டுல ஒதுங்கி ஒக்காந்திருக்கணும். வரலைன்னா ஐயா என்னன்னு கேப்பாருன்னுதான் வந்து நிக்கிறேன்."

மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அதையே சொன்னார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தானே? அந்த மூன்று நாளில் செடியில் கை வைக்க எனக்கே பயமாகத்தான் இருந்தது. உன் ஏழு வருஷச் செடி கருகிப்போய்விட்டால்? உன்னிடம் வந்து, "மாதா மாதம் இவர்களுக்கு மூன்று நாள் ஆகாது, கூட ரெண்டு ஆள் போடு" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. எந்த வாயால் சொல்வேன்? கூடப்பிறந்தவனிடம், அதுவும் ஆபீசராக இருக்கிறவனிடம்?

அதனால் நானாக ஒரு ஏற்பாடு செய்தேன். ஒதுங்கி நிற்கிறவளின் வரிசையைப் பக்கத்து வரிசைக்காரி சேர்த்துப் பார்க்க வேண்டியது. இரண்டு வரிசைக்கும் வாய் கட்டப் பொழுது காணாது. ஆகையால் அந்த வரிசையில் வாயை விட்டுவிட்டு, காம்பில் மட்டும் நூலைச் சுற்றிவிடுங்கள், கணக்குக் குறையாது என்றேன். மூன்று நாள்தானே, வண்டு என்ன பார்த்துப் பார்த்து அந்த வரிசைக்கா வரப் போகிறது என்று நினைத்தேன். நீ அத்தனை பாடம் நடத்தியும் என் புத்தி அம்புட்டுத்தான், அண்ணே. எனக்கே தூரமான நாட்களில் என் வரிசைக்கும் அதையே செய்யச் சொன்னேன். நீ வரப்பில் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வருஷம் தை மாதம் அந்த விதையெல்லாம் செடியாகிப் பூத்தது. வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டிய வயலில் எங்கே பார்த்தாலும் மஞ்சள். நீ அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் எழுந்து மூன்று வாரம் தேடினாய். எறும்பைப் பார்த்தாய், காற்றைப் பார்த்தாய், பஞ்சும் கொட்டையும் பிரிக்கிற மணையைக் கழுவிக் கழுவிப் பார்த்தாய். எங்களை வரிசையாக நிற்க வைத்து மொட்டுக் கட்டச் சொல்லி, மறுநாள் ஒவ்வொன்றையும் பிரித்துச் சோதித்தாய். ஒன்றுகூடப் பிசகவில்லை. எப்படிப் பிசகும்? அன்று யாருக்கும் தூரமில்லை.

கடைசியில் என்னிடம் வந்தாய். "ஏத்தா பேச்சி, ஒழுங்காத்தான கட்டுனீங்க?"

"ஆமாண்ணே."

"எதுவும் விட்டுப்போகலையே?"

"எல்லாக் காயிலயும் நூல் இருந்துச்சே, நீதான எண்ணுன?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். நம்பினாய். "அப்ப எங்கிட்டதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

மேலதிகாரி விசாரிக்க வந்தார். பொட்டலம் எங்கே வைத்துக் கட்டுவீர் என்று கேட்டார். வீட்டுக் கூடத்தில் என்றாய். அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? மகள் பாடிக்கொண்டிருப்பாள் என்றாய். நீ பொய் சொல்லத் தெரியாதவன். ‘சங்கீதத்தில் கவனம் சிதறி விதைப் பொட்டலங்களை மாற்றியிருக்கிறார்’ என்று ரிஜிஸ்தரில் எழுதினார். வெள்ளைப் பருத்தியை அத்தோடு நிறுத்தச் சொல்லி உத்தரவு. எனக்கு அவர்மேல் வந்த கோபம் இருக்கிறதே! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நின்ற எனக்கு, அவர்மேல் கோபப்பட என்ன யோக்கியதை?

அவர் எழுதியதை நீயும் நம்பினாய் பார், அதுதான் என்னைக் கொல்கிறது. அன்றைக்குக் கல்யாணி வழக்கம்போல வந்து பாயில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு என்னப்பா, பைரவியா?" என்றாள். நீ அவள் தலையில் கை வைத்தாய். "போதும்மா. அப்பாவுக்கு ரெண்டு வேலையும் ஒன்னாப் பாக்கத் தெரியல" என்றாய். பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினாய். அதற்கப்புறம் நீ வாசிக்கவில்லை, அவள் பாடவில்லை. நீ வீட்டுக்கு வருவாய், சாப்பிடுவாய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாய். குழம்பா ரசமா என்று மதினியும் கேட்பதில்லை.

ஒரு வருஷம் அப்படிப் போனது. அப்புறம் விஷக்காய்ச்சல். உன் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். நினைவோடுதான் இருந்தாய். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மதினி கஞ்சியோடு உள்ளே வந்தாள், விழுங்கிவிட்டேன். மறுநாள் நீ இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேனா, சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று நினைத்தேனா? எத்தனை தடவை கேட்டுப் பார்த்தாலும் எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதம் கல்யாணியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவனுடைய அம்மா ஆசையாக, "அப்பா பிடிலெல்லாம் வாசிப்பாராமே. ஒரு பாட்டுப் பாடு தாயி" என்றாள். இவள் தலையை நிமிர்த்தி, "எனக்குப் பாட வராதுங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் கிளம்பியதும் கொட்டத்துக்கு இழுத்துப்போய்க் கேட்டேன்.

"என்னடி பொய் அது? ஒனக்கா பாட வராது?"

அவள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே சொன்னாள். "நான் சுருதி தப்பாமப் பாடியிருந்தா அப்பா நிமிந்து என்னையப் பாத்திருக்க மாட்டாருத்தே. கவனம் மாறலைன்னா பொட்டலமும் மாறியிருக்காதுல்ல? அம்மா அப்பவே சொன்னாங்க."

இரண்டு வருஷமாக உன் மகள் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள், அண்ணே. எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. அந்தச் சாணி வாடையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூக்கம்மா, தூரம், வாய் கட்டாமல் விட்ட மொட்டு, என் ஏற்பாடு, உன்னிடம் சொன்ன பொய். அவள் அழவில்லை. தவிட்டுக் கையை உதறினாள்.

"பூவுல ஆணு எது, பொண்ணு எதுன்னு சொல்லிக்குடுத்தவரு எங்கப்பா. அவருகிட்டயா ஒனக்கு வெக்கம்? சொல்லியிருந்தா கூட ரெண்டு ஆள் போட்டிருப்பாரு. தொட்டா செடி கருகுதா இல்லையான்னு தனியா ஒரு வரிசை போட்டு ஆராய்ச்சியும் பண்ணியிருப்பாரு."

செய்திருப்பாய். சத்தியமாகச் செய்திருப்பாய், நோட்டில் எழுதியும் வைத்திருப்பாய். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்கிட்டப் பேசாத" என்று உள்ளே போய்விட்டாள்.

மதினியிடமும் சொன்னேன். அவள், "கடைசி வரைக்கும் அவரு எங்கிட்ட, நீ சொன்ன மாதிரியே ஆச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு பேச்சி. அந்த வார்த்தைய நான் இப்ப எங்க கொண்டுபோயிப் போட?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு நாள் கல்யாணி என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் தட்டை நகர்த்தி வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நேற்றுக் காலை அவளுக்குத் தூரம். கொட்டத்தை ஒட்டிய சின்ன அறையில் பாயும் தட்டும் கொடுத்து மதினி ஒதுக்கி உட்கார வைத்திருந்தாள். அந்த நாளில் விளக்கைத் தொடக் கூடாது, பூவைத் தொடக் கூடாது, பாட்டும் கூடாது. பாட்டு சாமிக்குரியது அல்லவா? நான் பால் கறந்துகொண்டிருந்தேன். அந்த அறைக்குள்ளிருந்து பைரவி வந்தது. முதலில் முனகல்தான். நடுவில் இரண்டு முறை நின்றது. அப்புறம் வாயைத் திறந்தே பாடினாள். மேலே போகும்போது பிசிறடித்தது. நான் செம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

மதினி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "ஏய், இந்த நாள்லயாடி பாடுறது? தெருவே கேக்குது!"

நான் எழுந்து குறுக்கே நின்றேன். "பாடட்டும் மதினி."

"குத்தமில்லையா பேச்சி?"

"நம்ம செஞ்ச குத்தத்த விடவா?"

மதினி அந்த அறையின் கதவைத் தானே முழுக்கத் திறந்து வைத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பிப் போனாள். நான் வாசலில் நின்றே முழுவதையும் கேட்டேன்.

பாடி முடித்ததும் கல்யாணி என்னைப் பார்த்தாள். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. "எப்பப் போற?" என்றாள்.

"எங்க?"

"பண்ணைக்கு. ரிஜிஸ்தர்ல எங்கப்பா பேருக்கு நேரா அப்படியேதான எழுதியிருக்கு? நீ போயிச் சொன்னாத்தான அத அடிப்பாக?"

திங்கட்கிழமை காலை, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற முதல் பஸ்ஸில் பேரையூர் போகிறேன், அண்ணே. கல்யாணியும் வருகிறாள். இப்போது வேறொரு ஆபீசர் இருக்கிறார். ஆம்பளைகளாக உட்கார்ந்திருக்கிற அந்த ஆபீசில் போய் நிற்பேன். மற்றப் பெண்களின் பேர் வராது. மூக்கம்மா என்று இங்கே எழுதியதுகூட அவளுடைய பேர் இல்லை. என் பேரை மட்டும் சொல்லி, மூன்று நாள் என்றால் என்ன மூன்று நாள் என்று விளங்கும்படி சொல்வேன். அவர் தலையைக் குனிந்துகொண்டாலும் நிறுத்த மாட்டேன். அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் என் பேரை எழுதுகிறவரை அங்கிருந்து நகர மாட்டேன். அங்கே போய்ச் சொல்லப் போவதை முதலில் உனக்குச் சொல்லிவிடுகிறேன்: "ஐயா, எங்கண்ணன் பாட்டால ஒரு வெதைகூட மாறல."

உன்னிடம் பொய் சொன்ன, உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பேச்சியம்மாள்